கேமராவும் உறுப்பு மாற்றும் உரிமையும்

மண்வெட்டியின் காம்பு முறிந்தால் புதுக்காம்பு செருகிக்கொள்வாரேயன்றி, மண்வெட்டியையே குப்பையில் எறிவார் எவருமிலர். மிதிவண்டியின் சங்கிலி தேய்ந்தால் சங்கிலி மட்டுமே மாற்றப்படுகிறது. ஒரு பொருளின் உறுப்புகள் யாவும் ஒரே காலத்தில் மூப்படைவதில்லை என்னும் எளிய உண்மையை அறிந்து வாழ்ந்த மக்களிடையே இன்று விந்தையானதொரு வழக்கம் புகுந்துள்ளது. இலக்கவியல் கேமராவில் ஓர் உறுப்பு பழையதாயின், குறைவற்ற ஏனைய உறுப்புகளையும் சேர்த்தே கழித்துவிட்டுப் புதியது வாங்குவதே முறை என்று அவர்கள் பழக்கப்படுத்தப்பட்டுவிட்டனர்.

பழைய உறுப்பை நீக்கிப் புதிய உறுப்பைப் பூட்டத்தக்க கேமரா வேண்டும் என்று கேட்போர் நெடுங்காலமாகவே உளர். அவர்களுக்குக் கிடைக்கும் விடை ஒன்றே: முயன்று பார்த்தாயிற்று, முயன்றவர் தோற்றனர், ஆதலின் அப்பேச்சை விடுக! இதனை விற்போர் கூறுவதில் வியப்பொன்றுமில்லை. வாங்குவோரும் அதனையே கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிப்பதுதான் வருந்தத்தக்கது. தோல்விகள் நேர்ந்தமை உண்மையே. அவை எதனால் நேர்ந்தன என்று ஆராயாமல் முடிவு கூறுவது, விடைத்தாளைப் படியாமலே மதிப்பெண் இடுவது போன்றதாம்.

படச்சுருள் வழங்கிய காலத்தில் கேமரா இயல்பாகவே உறுப்பு மாறும் கருவியாக இருந்தது. ஒளியைப் பதிவது சுருள்; அஃது ஒவ்வொரு முறையும் புதிது. நல்ல சுருள் ஒன்று சந்தைக்கு வந்தால், முப்பதாண்டுப் பழமையான கேமராவும் அன்றே புதுமை பெற்றது. (படத்தைப் ‘புகைப்படம்’ என்பதா, ‘ஒளிப்படம்’ என்பதா என்னும் வழக்கு ஈண்டு வேண்டா.) சுவீடன் நாட்டு ஹாசல்பிளாட் நிறுவனம் 1957 ஆம் ஆண்டில் வெளியிட்ட 500சி கேமராவில் வில்லை, காட்சி காணும் மேற்பகுதி, சுருள் பொதிந்த பின்பெட்டி ஆகிய அனைத்தையும் தனித்தனியே கழற்றலாம். சுருளின் இடத்தில் உணரி வந்து அமர்ந்தபோதுதான் இந்த நன்மை பறிபோயிற்று. ஒளியை மின்குறிப்பாக மாற்றும் அச்சில்லு, கருவியின் உள்ளே நிலையாகப் பதிக்கப்பட்டது. சில்லின் ஆயுளே கேமராவின் ஆயுள் என்றாயிற்று.

அவ்வாறு பதிப்பது தவிர்க்கவொண்ணாததா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. கோடாக் நிறுவனம் 1991 இல் செய்தியாளர்க்கென விற்ற முதல் டிசிஎஸ் கேமராவே, நிக்கான் எஃப்3 என்னும் சுருள் கேமராவின் பின்புறத்தில் 1.3 மெகாபிக்சல் உணரியைப் பூட்டியதுதான். படங்களைச் சேமிக்கும் பெட்டியைச் செய்தியாளர் தோளில் சுமந்து சென்றார். இலக்கவியல் கேமரா பிறக்கும்போதே பிரிந்த உறுப்புகளோடுதான் பிறந்தது. ஒட்டவைத்தது பிற்காலத்தார் செயல்.

இனி, தோற்றவர் கதை. 1998 இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம், சுருள் உருளையின் வடிவிலேயே ஓர் உணரியைச் செய்து எந்தப் பழைய கேமராவிலும் இடலாம் என்று அறிவித்தது. சிலிக்கான் ஃபிலிம் என்று பெயர் பெற்ற அம்முயற்சி, பொருள் கடைக்கு வருமுன்னரே 2001 இல் நின்றுபோயிற்று. சுருள் உருளைக்குள் மின்கலமும் மின்சுற்றும் நினைவகமும் அடங்க வேண்டுமெனில் இடம் ஏது? செருமனியின் லைக்கா தன் ஆர்8, ஆர்9 கேமராக்களுக்கு 10 மெகாபிக்சல் பின்பகுதி ஒன்றை 2005 இல் விற்பனைக்குக் கொணர்ந்து, 2007 இல் கைவிட்டது.

இவற்றினும் பெரிதாக எடுத்துக்காட்டப்படுவது ஜப்பானின் ரிக்கோ நிறுவனம் 2009 நவம்பரில் அறிவித்த ஜிஎக்ஸ்ஆர். இதன் தோல்வியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். திரை, மின்கலம், பொத்தான்கள் ஆகியன உடலில் அமைந்தன. வில்லை, உணரி, படத்தைச் செப்பம் செய்யும் சில்லு ஆகிய மூன்றும் ஒரே பெட்டியாக அடைக்கப்பட்டு, அவ்வுடலில் செருகும் பகுதியாயின. விளைவு யாது? நல்ல வில்லை பல்லாண்டு உழைக்கும். உணரியோ அக்காலத்தில் சில ஆண்டுகளில் பழமை எய்தியது. நெடுநாள் வாழ்வதையும் விரைவில் மூப்பதையும் ஒரே பெட்டியில் பூட்டியதால், உணரியை மாற்ற விரும்பியவர் பழுதற்ற வில்லையையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. 2011 இல் லைக்கா வில்லைகளைப் பொருத்தத்தக்க பகுதி வந்து இக்குறையைச் சிறிது போக்கியது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. 2012க்குப் பின் புதுப்பகுதி எதுவும் வரவில்லை. ரிக்கோ தோற்றது பிரித்ததனால் அன்று. தவறான மூட்டில் பிரித்ததனால். காம்பையும் இரும்பையும் ஒன்றாய் வார்த்துவிட்டு, இடையில் எங்கோ வெட்டி வைத்தால் அதனை உறுப்பு மாறும் மண்வெட்டி என்று எவர் ஏற்பர்?

சரியான மூட்டில் பிரித்தால் என்னாகும் என்பதற்குச் சான்று அதே ஹாசல்பிளாட்டிடம் உண்டு. 2024 சனவரியில் வெளிவந்த சிஎஃப்வி 100சி என்னும் 100 மெகாபிக்சல் பின்பெட்டியை, 1957 முதல் செய்யப்பட்ட அவ்வகைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் முதுகில் மாட்டலாம். அறுபத்தேழு ஆண்டுக்கு முற்பட்ட உடலில் நேற்றைய உணரி! பின்பெட்டி கழலும் இடத்தைப் பழைய பொறியாளர் செம்மையாக வகுத்தமையே இதற்குக் காரணம். குறையும் உண்டு. உணரி 44க்கு 33 மில்லிமீட்டர். பழைய சுருளின் சட்டமோ ஏறத்தாழ 56 மில்லிமீட்டர்ச் சதுரம். ஆதலின் வில்லை காட்டும் காட்சியின் ஓரங்கள் படத்தில் வாரா. விலையும், சிறு உடலோடு சேர்த்து, எட்டாயிரம் அமெரிக்க வெள்ளிக்கு மேல். செல்வர்க்கு மட்டுமே எட்டும் வசதி இது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ‘இயலாது’ என்பது வேறு, ‘மலிவாகச் செய்ய மனமில்லை’ என்பது வேறு. அவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் வாணிகத் தந்திரம்.

பொறியியல் தடைகளை எடுத்துரைப்பாரும் உளர். அவர்கள் கூற்று வெறுங்கூற்றன்று. உணரி தன் நிலையினின்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வழுவினும் படத்தின் கூர்மை கெடக்கூடும். உணரிக்கும் செப்பம் செய்யும் சில்லுக்கும் இடையே செல்லும் தரவோ பெருவெள்ளம். வெப்பத்தை வெளியேற்றும் வழியும் வேண்டும். பயனர் தம் கையாலேயே உணரியைக் கழற்றிப் பூட்ட வேண்டும் என்றால் இத்தடைகள் வலியன. அவ்வாறு எவர் கட்டளையிட்டார்? நிறுவனத்தின் பட்டறையில் மாற்றித் தந்தால் போதாதா? ரெட் என்னும் அமெரிக்க நிறுவனம், எபிக் திரைப்படக் கேமராவின் உரிமையாளர்க்கு 2013 முதல் 5கே உணரியை நீக்கி 6கே உணரியைப் பொருத்தித் தந்தது. லைக்காவின் எம்9 கேமராக்களில் உணரியின் மேற்கண்ணாடி அரிப்புற்றபோது, அந்நிறுவனம் பழைய உணரிகளை எடுத்துவிட்டுத் திருத்திய வகையைப் பொருத்தியது. பழுது நேர்ந்தபோது இயன்ற செயல், மேம்பாட்டுக்கு மட்டும் இயலாமற் போவது எங்ஙனம்?

இணைப்பு வாயைப் பல்லாண்டு மாற்றாது காப்பது அரிது என்பது மற்றொரு வாதம். நிக்கான் 1959 இல் வகுத்த வில்லை வாயை 2020 இல் வந்த டி6 கேமரா வரை காத்தது. விரும்பிய இடத்தில் அறுபதாண்டு காக்க முடிந்திருக்கிறது.

இத்துணையும் கூறியபின், மறுபுறம் நிற்கும் ஆர்வலரையும் ஒரு சொல் கேட்டாக வேண்டும். உணரியை ஆண்டுதோறும் மாற்றுவதே அவர்தம் கனவு. அக்கனவு பழையதாகிவிட்டது. நிக்கான் டி600 கேமராவின் உணரி 2012 இல் 24 மெகாபிக்சல். 2024 இல் வந்த இசட்6III கேமராவிலும் 24 மெகாபிக்சலே. விரைவும் காணொளித் திறனும் வளர்ந்தன. அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டும் ஒரு படத்தில் அவ்வளர்ச்சியைக் காண்பது கடினம். இன்று கேமராவைக் கொல்வன வேறு: ஷட்டரின் தேய்வு, கிடைக்காத மின்கலம், உரிந்துபோன இரப்பர், வழக்கொழிந்த நினைவக அட்டை. 2002 இல் வந்த எக்ஸ்டி அட்டையை நம்பி வாங்கிய கேமராக்கள் பல, அட்டை கிடைக்காமையாலேயே அலமாரியில் உறங்குகின்றன. ஆகவே உறுப்பு மாறும் கேமராவின் எதிர்காலம் புதுப்புது உணரிகளில் இல்லை. பழுதுபார்க்கும் உரிமையில் இருக்கிறது.

விற்பனை சுருங்கிய தொழிலிடம் இதனைக் கேட்பது அறமா என்று வினவலாம். ஜப்பானியக் கேமராத் தொழிலமைப்பின் கணக்குப்படி 2010 இல் 120 மில்லியனுக்கு மேல் அனுப்பப்பட்ட இலக்கவியல் கேமராக்கள், 2023 இல் 8 மில்லியனை எட்டவில்லை. உண்மையே. ஆனால் கேமராவை வீழ்த்திய கைப்பேசியின் உலகில் என்ன நடக்கிறது? நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் 2020 இல் தன் மூன்றாம் வகைக் கைப்பேசிக்கு மேம்பட்ட கேமராப் பகுதியைத் தனியே விற்றது. திருகாணிகள் சிலவற்றைக் கழற்றிப் பயனரே மாற்றிக்கொண்டனர். கைப்பேசியின் கேமரா மாறுகிறது. கேமராவின் கேமரா மாறவில்லை!

சட்டமும் கேமராவை மறந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய பழுதுபார்ப்பு நெறிமுறையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இடமுண்டு, குளிர்சாதனப் பெட்டிக்கு இடமுண்டு, கைப்பேசிக்கும் இடமுண்டு; அப்பட்டியலில் கேமரா இல்லை. கேட்பாரில்லாத இடத்தில் சட்டம் தானே முளைப்பதில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் ஒளிப்படக் கழகத்திற்குக் கேமரா வாங்கச் செல்லும் ஆசிரியர், கடைக்காரரிடம் கேட்க வேண்டியன சிலவே. இம்மின்கலம் வேறு எந்த வகைக் கேமராவிற்குப் பொருந்தும்? ஷட்டரை மாற்ற எவ்வளவு செலவாகும்? பட்டறை இந்நாட்டில் உண்டா? மெகாபிக்சல் எத்தனை என்பது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். உதிரி உறுப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதைப் பெட்டியின் ஆறு பக்கங்களிலும் தேடினாலும் காணமுடியாது.