குண்டாறு: மலையில் முடிவாகும் மாரியூரின் தண்ணீர்

மாரியூர், சாயல்குடி பகுதிக் குடும்பங்களிடம் தண்ணீர் பற்றிப் பேசினால் காவிரிக் கூட்டுக் குடிநீர், நரிப்பையூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம், குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் வண்டித் தண்ணீர் என்றுதான் பேச்சு போகும். பக்கத்திலுள்ள மூக்கையூர் அருகே கடலில் கலக்கும் குண்டாற்றை யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான மாதங்களில் அதில் தண்ணீர் இருந்தால்தானே!

வருசநாட்டு மலையின் ஒரு பக்கம் வைகை பிறக்கிறது. கிழக்குச் சரிவில், சாப்டூர் காடுகளில், குண்டாறு தொடங்குகிறது. வைகைக்கு 1895 முதல் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் துணை நிற்கிறது. குண்டாற்றுக்கு மழையை விட்டால் வேறு துணை இல்லை. சரிவில் காடு அடர்ந்திருந்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி மெல்லக் கசிந்து ஓடைக்கு வரும். காடு அழிந்தால் இரண்டு நாள் வெள்ளம், அதோடு சரி. எனவே 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், புலிகளைவிட நமக்குத்தான் அதிகம் தேவை என்போம்.

மலையிலிருந்து இறங்கும் நீர் திருமங்கலம், கமுதி வழியாக வருகிறது. வழியெங்கும் கண்மாய்கள். ஒன்று நிரம்பி, கலுங்கு வழிந்தால்தான் அடுத்ததற்குத் தண்ணீர். இடையில் ஒரு வரத்துக்கால் ஆக்கிரமிக்கப்பட்டாலோ, சீமைக்கருவேலம் மண்டினாலோ கடலோர ஊர்களுக்கு எதுவும் மிஞ்சாது.

மதீனாவின் மஹ்ஸூர் ஓடை விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு மதரஸா மாணவர்கள் அறிந்ததே: மேலே இருப்பவர் கணுக்கால் அளவு தேக்கிக்கொண்டு, பிறகு கீழே இருப்பவருக்குத் திறந்துவிட வேண்டும். மேலே இருப்பவருக்கு முதல் உரிமை உண்டு. அதற்கு ஓர் அளவும் உண்டு.

2021 பிப்ரவரியில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 262 கி.மீ. கால்வாய்; 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. வரவிருப்பது காவிரியின் வெள்ள உபரி மட்டுமே. அதுவும் குண்டாற்றோடு நின்றுவிடும். அங்கிருந்து கடலாடி வட்டத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டியவை இதே பழைய வரத்துக்கால்கள்தாம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தில் கூடும் கிராம சபையில் நம் ஜமாஅத்தார், குழாய் இணைப்போடு சேர்த்து, கமுதிக்குக் கீழுள்ள வரத்துக்கால்களை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றவும் தீர்மானம் கேட்கலாம்.