செஞ்சி வட்டாரத்தில் கள் தடை

செஞ்சி வட்டாரத்தில் கள் தடை என்பது, 1987 சனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த கள் தடையையும், விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி, விக்கிரவாண்டி, திண்டிவனம் பகுதிகளில் அது தொடர்பாக நிலவும் வாழ்வாதார, சட்டச் சிக்கல்களையும் குறிக்கும். 2025ஆம் ஆண்டு முடியும் வரை இத்தடை நீக்கப்படவில்லை. செஞ்சிக் கோட்டை 2025 சூலையில் யுனெசுக்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. அதனால் வெளியூர்ப் பயணிகளின் வருகை கூடக்கூடிய நிலையில், இவ்வட்டாரத்தின் பனையும் பனைத்தொழிலும் மீண்டும் கவனத்துக்குரியனவாகின்றன.

கள்ளின் இயல்பு

பனையின் பாளையைச் சீவி, அதில் சொட்டும் சாற்றைக் கலயத்தில் சேர்ப்பர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தால் சாறு புளிக்காது. அது பதநீர் எனப்படும். சுண்ணாம்பு இல்லையெனில் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதியங்களும் நுண்ணுயிரிகளும் சாற்றிலுள்ள சர்க்கரையைச் சில மணி நேரத்திலேயே சாராயமாக மாற்றத் தொடங்கும், அதுவே கள். இதன் சாராய அளவு பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ பியருக்கு இணையானது. ஒரு நாளுக்கு மேல் வைத்தால் புளிப்பேறிக் காடியாக மாறும்.

இவ்வியல்பினால் பதப்படுத்தாத கள்ளைத் தொலைவுக்குக் கொண்டு செல்ல இயலாது. இறக்கிய ஊரிலேயே, இறக்கிய நாளிலேயே அருந்தப்படுவது கள். பெங்களூரு போன்ற நகரங்களில் 2010களில் பரவிய கைவினைப் பியர்க் கூடங்கள், அவ்விடத்திலேயே சிறிய அளவில் ஆக்கிய பானம் என்பதையே தம் சிறப்பாகக் கூறுகின்றன. கள்ளுக்கடை இயல்பாகவே அத்தகையது.

வரலாறு

இந்திய விடுதலை இயக்கத்தில் கள்ளுக்கடை மறியல் முதன்மையான இடம் பெற்றது. 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலில் முன்நின்றனர். 1937இல் சென்னை மாகாண முதல்வராக இருந்த இராசாசி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948இல் அது மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. பனையேறிகளுக்கு மாற்றுத் தொழிலாகப் பதநீரும் பனைவெல்லமும் ஊக்குவிக்கப்பட்டு, பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன.

1971இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. 1981இல் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு இரண்டையும் மீண்டும் திறந்தது. 1987இல் அதே அரசு இரண்டையும் தடை செய்தது. இடையில், 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாசுமாக்கு) உருவாக்கப்பட்டு மது மொத்த விற்பனை அதனிடம் சென்றது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அதுவே நடத்துகிறது.

தற்போதைய நிலை

தமிழ்நாட்டில் பதநீர் இறக்கலாம். கள் இறக்குவதும் விற்பதும் குற்றம். ஆனால் செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியில் கள்ளுக்கடைகள் ஏலம் விடப்பட்டு உரிமத்துடன் நடந்து வந்துள்ளன. கைவினைப் பியரும் அங்கு விற்பனைக்கு வந்துள்ளது. ஒரே வகைப் பனையின் ஒரே வகைச் சாறு, எல்லையின் ஒரு புறத்தில் வருவாய்த் தரும் பொருளாகவும் மறுபுறத்தில் வழக்குப் பொருளாகவும் உள்ளது.

டாசுமாக்கு கடைகளில் விற்கப்படும் பிராந்தி, விசுக்கி போன்றவற்றின் சாராய அளவு 42.8 விழுக்காடு. 2024-25 நிதியாண்டில் மது விற்பனை வழியாக அரசுக்குக் கிடைத்த வரி வருவாய் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆகவே நடப்பில் உள்ளதை மதுவிலக்கு என்பதைவிட, மது வகைகளுக்கிடையேயான தெரிவு என்பதே பொருந்தும்.

தமிழ்நாடு கள் இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் செ. நல்லசாமி நெடுங்காலமாகத் தடை நீக்கத்தை வலியுறுத்தி வருகிறார். 2025 சூனில் நாம் தமிழர் கட்சியின் ஒருங்கிணைப்பாளர் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் பனையேறிக் கள் இறக்கும் போராட்டம் நடத்தினார்.

தடை நீக்கத்துக்கு ஆதரவான வாதங்கள்

- சாராய அளவு மிகுந்த மதுவை அரசே விற்கும்போது, குறைந்த பானத்தைத் தடுப்பதற்குப் பொதுநலக் காரணம் கூறுவது கடினம்.
- பதநீர்ப் பருவம் ஆண்டில் சில மாதங்களே. பனைவெல்லம் காய்ச்ச விறகும் உழைப்பும் மிகுதியாகத் தேவை. கள்ளுக்கு அவை தேவையில்லை. பனையேறியின் வருவாய் கூடும்.
- பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பயன் தராத மரம் செங்கல் சூளைக்கு விறகாகச் செல்கிறது. பயன் தரும் மரத்தை உரிமையாளரே காப்பார்.
- நச்சுச் சாராயச் சாவுகள் தடைக்குப் பின்னரும் நிற்கவில்லை. 2023 மே மாதம் இதே மாவட்டத்தின் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் 10க்கும் மேற்பட்டோரும், 2024 சூனில் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த சாராயத்தால் இறந்தனர்.

எதிர்வாதங்கள்

- இந்திய அரசியலமைப்பின் 47ஆம் உறுப்பு, போதைப் பொருள்களை விலக்க அரசு முயல வேண்டும் என வழிகாட்டுகிறது. மது வணிகம் அடிப்படை உரிமை அன்று என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு.
- கள் எளிதில் கலப்படம் செய்யப்படுவது. போதை கூட்டக் குளோரல் ஐதரேட்டு போன்ற வேதிப்பொருள்கள் சேர்க்கப்பட்டது பல மாநிலங்களில் அறியப்பட்டதே. கள்ளுக்கு உரிமம் உள்ள கேரளத்தில், 2010இல் மலப்புறம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள் அருந்தி 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனவே உரிமம் மட்டுமே பாதுகாப்பு ஆகாது.
- மலிவான மது ஊர்தோறும் கிடைத்தால் கூலித் தொழிலாளர் குடும்பங்களே முதலில் பாதிக்கப்படும். இது பெண்கள் அமைப்புகள் தொடர்ந்து எழுப்பும் கருத்து.
- பனையேறுதல் ஆபத்தான தொழில். அதில் புதிய தலைமுறையை நிலைநிறுத்துவது சரியா என்னும் கேள்வியும் உள்ளது.

மதிப்பீடு

இரு தரப்பு வாதங்களையும் ஒப்பிட்டால், கலப்படமே தீர்க்கப்பட வேண்டிய மையச் சிக்கல் எனத் தெரிகிறது. கலப்படம் கள்ளின் இயல்பிலிருந்து எழுவதன்று; விற்பனை முறையிலிருந்து எழுவது. ஒரு மரம் ஒரு நாளில் தரும் சாறு வரம்புக்கு உட்பட்டது. ஆனால் கடையை ஏலம் எடுத்த குத்தகைக்காரர் செலுத்திய தொகையை ஈட்ட, மரங்கள் தருவதைவிட மிகுதியாக விற்க வேண்டியுள்ளது. அவ்விடைவெளியை நீரும் வேதிப்பொருளும் நிரப்புகின்றன.

இலங்கையின் யாழ்ப்பாணத்தில் மாறுபட்ட முறை உள்ளது. அங்கு சீவல் தொழிலாளரை உறுப்பினராகக் கொண்ட பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைக் கொள்முதல் செய்து, தவறணைகள் வழியாக விற்கின்றன; போத்தலில் அடைத்து வெளியூர்களுக்கும் அனுப்புகின்றன. இறக்குபவரே விற்பனையிலும் பங்குதாரர் என்பதால், எந்த மரத்திலிருந்து எவ்வளவு வந்தது என்பதைக் கணக்கிட வழி உள்ளது. இம்முறையிலும் குறைகள் இல்லாமல் இல்லை. குடிப்பழக்கத்தை அது குறைத்துவிடாது. எனினும் கலப்படத்துக்கான தூண்டுதலைக் குறைக்கிறது.

தமிழ்நாட்டில் பனைவெல்லக் கூட்டுறவு அமைப்பு ஏற்கெனவே உள்ளது. தடை தொடர்ந்தாலும், செஞ்சிக் கோட்டைக்கு வருவோருக்குப் பருவ காலத்தில் தூய பதநீரையும், ஆண்டு முழுதும் பனைவெல்லம், பனங்கற்கண்டு ஆகியவற்றையும் அச்சங்கங்கள் வழியாக விற்கச் சட்டத் தடை ஏதுமில்லை. தடை நீக்கப்பட்டால், கடைகள் ஏலத்துக்குச் செல்லுமா, பனையேறிகளின் சங்கங்களுக்குச் செல்லுமா என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கும். ஏலமுறை திரும்பினால் 1987இல் தடைக்கு இட்டுச்சென்ற நிலையே மீண்டும் ஏற்படக்கூடும். ஆதாயமும் பனையேறியைச் சென்றடையாது.