மாதவிடாய் தவறினால் மௌனம் வேண்டாம்

அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்கும் காலம் மனத்தை மட்டும் வாட்டுவதில்லை, உடலையும் வாட்டுகின்றது. பெண்களுக்கு மாதவிடாய் பிந்துவதும், சில மாதங்கள் நின்றுபோவதும் அதன் விளைவுகளுள் ஒன்றாகலாம். இதனை வெளியே சொல்லக் கூச்சமுற்றுத் தமக்குள்ளேயே அஞ்சி வாழும் சகோதரிகள் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்காகவே இதனை எழுதுகின்றோம்.

மன அழுத்தம் பற்றிய ஆய்வில் நாம் வாழும் மொன்றியல் நகருக்குத் தனியிடம் உண்டு. மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செலி, இடர் எதுவாயினும் உடல் ஒரே வகையில் எதிர்வினை காட்டுகின்றது என 1936இல் எழுதினார். 1945 முதல் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞையே, பிட்யூட்டரிச் சுரப்பியின் வழியாகச் சூலகத்தை இயக்குகின்றது. கவலையும் உறக்கமின்மையும் போதிய உணவின்மையும் நீடித்தால் இந்தச் சமிக்ஞை தளர்கின்றது. முட்டை வெளிப்படுவது பிந்துகின்றது அல்லது நின்றுவிடுகின்றது, மாதவிடாயும் தவறுகின்றது. இது சாபமுமன்று, பெண்ணின் குற்றமுமன்று. இதனைக் கொண்டு ஒருத்தியை மலடி என்று ஏசுவது அறியாமை. உணவும் உறக்கமும் மன அமைதியும் மீண்டால் பெரும்பாலும் மாதவிடாயும் மீளும்.

எனினும், "எல்லாம் யோசனையால் வருவதுதான்" என்று வாளாவிருப்பதும் தவறு. கர்ப்பம், தைரொயிட் கோளாறு, சூலக நீர்க்கட்டி நோய் ஆகியனவும் மாதவிடாயை நிறுத்தக்கூடியவை. முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். மூன்று மாதங்கள் தொடர்ந்து வராவிடின் வைத்தியரை நாடுவது அவசியம். நெடுங்காலம் நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பும் பலமிழக்கும்.

அகதிக் கோரிக்கையாளர் வைத்தியரைப் பார்ப்பதற்கான செலவை மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் ஏற்கின்றது. அத்திட்டத்தை ஏற்கும் மருத்துவ நிலையமா என முன்கூட்டியே விசாரித்து, கோரிக்கைப் பத்திரத்துடன் செல்லுங்கள். 811 என்ற இலக்கத்தில் தாதியரிடம் இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம்.

மொழி தெரியாத தாய்மார் பள்ளி செல்லும் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. மகனின் முன்னால் எந்தத் தாய் இதனைச் சொல்வாள்? நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரை, முடிந்தால் பெண்ணொருவரை, கேட்டுக்கொள்ளுங்கள். கணவன்மாரும் இதில் துணைநிற்க வேண்டும். "விசாரணை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று ஒத்திவைக்காதீர்கள். விசாரணைத் திகதி நம் கையில் இல்லை. வைத்தியரிடம் செல்லும் திகதி நம் கையில்தான் உள்ளது.