செவ்வாயின் சேற்றைப் படிக்கிறோம், எண்ணூர் சேற்றை?

சிறுத்தைத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு பாறை. 2024 ஜூலையில் செவ்வாய் கிரகத்தில் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ரோவர் கண்டுபிடித்தது. ‘செயாவா ஃபால்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு கல்லுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

கிடைத்த இடம் அப்படி. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஜெசிரோ பள்ளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஆற்றின் தடம் அது. அந்தத் தண்ணீரில் படிந்த சேறுதான் இறுகிக் கல்லாகியிருக்கிறது.

புள்ளிகள் எப்படி வந்தன?

புள்ளிகளில் விவியனைட், கிரைகைட் என்ற இரும்புத் தாதுக்கள் இருப்பதற்கான அறிகுறிகள் தெரிந்தன. பூமியில், காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்பு, கந்தகச் சேர்மங்களை வைத்துப் பிழைக்கும். அப்போது இந்தத் தாதுக்கள் உருவாவதுண்டு. உயிர் இல்லாமலும் உருவாகலாம். அதனால்தான் 2025 செப்டம்பரில் நாசா, ‘உயிர் இருந்ததற்கான தடயமாக இருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது.

நம்ம ஊர் சேறு

இந்தச் சேற்றைப் பார்க்க ராக்கெட் ஏற வேண்டாம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனால் போதும். கழிமுகச் சேற்றைக் கிளறினால் அடியில் கருப்பாக இருக்கும், அழுகிய முட்டை வாடை வரும். இரும்பும் கந்தகமும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து செய்த வேலை அது.

ஆனால் எண்ணூரில் அதன்மேல் அனல்மின் நிலையச் சாம்பலும் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து பரவியது. நிலக்கரிச் சாம்பலில் கண்ணாடி போன்ற நுண்ணிய உருண்டைகள் ஏராளம், லேசில் அழியாதவை. செவ்வாயில் ஆறு விட்டுப்போன தடயம் போல, இது நாம் விட்டுப்போகும் தடயம்.

எண்ணூர் மீனவர்களுக்கோ இது இன்றைய சாப்பாட்டுப் பிரச்சினை. சாம்பல் படிந்து ஆறு மேடானால் படகு ஓடாது, இறால் தங்காது. மழைக்காலத்தில் வெள்ளம் வடியும் வழியும் குறுகும்.

செவ்வாய் ஆய்வு வீண் என்று சொல்லவில்லை. அதே அக்கறையை இங்கேயும் காட்டுங்கள் என்கிறேன். ஆற்றில் சாம்பல் கலப்பதை நிறுத்த வேண்டும். படிந்ததை அள்ளி ஆழத்தை மீட்க வேண்டும். ஆண்டுதோறும் சேற்றைச் சோதித்து, முடிவை மீனவர்களுக்குப் புரியும் தமிழில் வெளியிட வேண்டும்.

செவ்வாய்ப் பாறையின் மாதிரி பூமிக்கு வந்துசேர எத்தனை ஆண்டுகள் ஆகுமோ. எண்ணூர் சேற்றை நாளைக்கே ஆய்வகத்துக்கு எடுத்துப் போகலாம்.