நிறுத்து என்று சொல்லும் அதிகாரம்

புற்றுநோய்க்குக் "கரண்ட் வைத்தார்கள்" என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். அப்படிக் கரண்ட் வைத்துக்கொண்டு வந்தவரைப் பார்க்கப் போனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று விசாரிப்போம். அந்தக் கரண்டை அளந்து கொடுத்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்படி ஒரு ஆள் இருப்பதே பலருக்குத் தெரியாது.

அவருக்கு மெடிக்கல் பிசிசிஸ்ட் என்று பெயர். தமிழில் மருத்துவ இயற்பியலாளர் என்கிறார்கள். டாக்டர் அல்ல, டெக்னீஷியனும் அல்ல. இயற்பியலில் எம்.எஸ்சி. படித்து, அதன்மேல் கதிரியக்கத்துக்கென்று தனிப் படிப்பும் பயிற்சியும் முடித்தவர். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இதற்கு ஒரு டிப்ளமா இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிப்பே இருக்கிறது. இவர்களில் அனுபவம் உள்ள ஒருவரைத்தான் பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாகவும் போடுகிறார்கள். அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்.

என் தம்பி மகள் இந்த வேலையில் இருக்கிறாள். அதனால்தான் எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது. இல்லாவிட்டால் நானும் டாக்டரின் பெயரை மட்டும் விசாரிக்கிற கூட்டத்தில்தான் இருந்திருப்பேன்.

இவர்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த நோயாளிக்கு இந்த இடத்தில் இவ்வளவு கதிர்வீச்சு போகவேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். அந்த அளவு, அந்த இடத்தில், பக்கத்து உறுப்புகளை முடிந்த மட்டும் காப்பாற்றிக்கொண்டு போய்ச் சேர மெஷின் எப்படி ஓடவேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது பிசிசிஸ்ட். தினமும் காலையில் முதல் நோயாளி படுப்பதற்கு முன் மெஷின் சொல்கிற அளவும் உண்மையில் வருகிற அளவும் ஒன்றுதானா என்று பார்க்கவேண்டும். பழைய கோபால்ட் மெஷினாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. கோபால்ட்-60 ஐந்தேகால் வருடத்தில் பாதியாகிவிடும். அதாவது மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் தேய்கிறது. அதற்குத் தக்கபடி நோயாளி படுத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே வரவேண்டும்.

இது நோயாளி பக்கம். ஊழியர் பக்கமும் அவர் பொறுப்புத்தான். சுவர் எத்தனை கனம் இருக்கவேண்டும், கதவுக்கு வெளியே நிற்கிறவருக்கு எவ்வளவு வருகிறது, எல்லோரும் நெஞ்சில் அந்தச் சின்ன டி.எல்.டி. பேட்ஜைக் குத்தியிருக்கிறார்களா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி வரும் அளவில் யாருக்காவது கூடியிருக்கிறதா என்று பார்ப்பது. நம் நாட்டில் இந்த வேலையில் இருப்பவருக்கு ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் போகக்கூடாது. பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1.

இனி நான் சொல்லவந்த விஷயம். இவ்வளவு பொறுப்பு உள்ளவருக்கு "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் காகிதத்தில் இருக்கிற அளவுக்கு நடைமுறையில் இருக்கிறதா? இல்லை என்பது என் அபிப்பிராயம். இருக்கவேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் பிரான்ஸ் செய்திகளை அந்த மொழியிலேயே படிப்பது என் பழக்கம். அங்கே கிழக்கில் வோஸ்ழ் மாவட்டத்தில் எப்பினால் என்று ஒரு ஊர். அந்த ஊர் ழான் மொன்னே ஆஸ்பத்திரியில் 2004 மே முதல் 2005 ஆகஸ்ட் வரை புரோஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த 24 பேருக்கு, கொடுக்கவேண்டியதைவிட 20 சதவீதத்துக்கும் மேல் கதிர்வீச்சு போய்விட்டது. மலக்குடலும் மூத்திரப்பையும் வெந்து அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சிலர் இறந்தும் போனார்கள்.

காரணம் என்ன? மெஷின் கெட்டுப்போகவில்லை. கதிரின் பலத்தை ஒரு பக்கம் குறைத்து ஒரு பக்கம் கூட்ட, ஆப்பு வடிவத்தில் ஒரு உலோகத் துண்டை வைப்பது பழைய முறை. புதிய முறையில் துண்டு கிடையாது. மெஷினின் தடுப்பே நகர்ந்து அந்த வேலையைச் செய்துவிடும். உலோகம் கதிரில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதால் பழைய முறைக்குக் கூடுதலாக விடவேண்டும். எப்பினாலில் கணக்குப் போட்டது உலோகத் துண்டுக்கு. சிகிச்சை கொடுத்தது துண்டு இல்லாத புதிய முறையில். வித்தியாசம் முழுவதும் நோயாளி உடம்புக்குப் போயிற்று.

கணினியின் திரை ஆங்கிலத்தில் இருந்தது. அதை இயக்கியவர்களுக்குப் பிரெஞ்சில் கையேடு இல்லை. புதிய முறைக்குச் சரியான பயிற்சியும் இல்லை. இதெல்லாம் 2007-ல் வந்த அரசாங்க விசாரணை அறிக்கையில் இருக்கிறது. இவற்றைவிட என்னை உட்கார வைத்தது வேறு ஒன்று. அதற்கு முன்னால் அங்கே இரண்டு சரிபார்ப்புகள் நடந்து வந்தன. ஒன்று, கணினி போட்ட கணக்கைத் தனியாக இன்னொரு முறை போட்டுப் பார்ப்பது. இன்னொன்று, நோயாளியின் தோல்மேல் ஒரு சின்னக் கருவியை வைத்து உண்மையில் எவ்வளவு வருகிறது என்று அளப்பது. புதிய முறைக்கு அந்த இரண்டும் பொருந்தவில்லை என்று விட்டுவிட்டார்கள். பொருந்தும்படி செய்கிறவரை புதிய முறை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அல்லது அப்படிச் சொல்லக்கூடிய இடத்தில் யாரும் இல்லை.

2013 ஜனவரியில் பாரீஸ் நீதிமன்றம் இரண்டு டாக்டர்களையும் பிசிசிஸ்டையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது. அதைப் பற்றி நான் பேசவில்லை. தவறு நடந்த பிறகு கூண்டில் ஏற்றும்போது பிசிசிஸ்ட் டாக்டருக்குச் சமமாக நிற்கிறார். தவறு நடப்பதற்கு முன்னால், திங்கட்கிழமை காலையில், நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அதே சமம் அவருக்கு உண்டா?

இங்கே என் தம்பி மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி பெயர், ஊர் எதுவும் வேண்டாம். ஒருநாள் காலைச் சோதனையில் மெஷின் அளவு 4 சதவீதம் கூடுதலாகக் காட்டியது. தினசரி சோதனையில் 3 சதவீதம் வரைதான் பொறுக்கலாமாம். வேறொரு கருவியை வைத்து மறுபடியும் அளந்திருக்கிறாள். அப்போதும் அதே அளவு. மெஷினை நிறுத்திவிட்டு எஞ்சினீயருக்குப் போன் செய்தாள். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். மேலாளர் வந்து, "ஒரு பர்சென்ட்தானே மேடம் கூட? நீங்க என்ன டாக்டரா?" என்று கேட்டாராம். அவள் மெஷினைத் திறக்கவில்லை. எஞ்சினீயர் வந்து பார்த்தபோது மெஷினுக்குள்ளேயே அளவு பார்க்கும் பாகம் மெல்ல நகர்ந்துகொண்டு போயிருந்தது தெரிந்தது. பிற்பகல் சரியாகி, இரவு வரை இருந்து எல்லா நோயாளிகளையும் முடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. நோயாளிகளுக்கு அசௌகரியமும் நிர்வாகத்துக்கு நஷ்டமும் ஏற்படுத்தியதற்கு விளக்கம் தரவேண்டுமாம். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள். "பெரியப்பா, மெஷின் சரியா இருந்தா என் பேரு யாருக்கும் தெரியாது. சரியில்லேன்னு சொன்னாத்தான் என்னைத் தேடுறாங்க" என்றாள். மெமோ விஷயத்தில் நான் தேர்ந்தவன். கோபப்படாதே, மன்னிப்பும் கேட்காதே, தேதி, நேரம், அளவு, எஞ்சினீயர் ரிப்போர்ட் நம்பர் என்று நான்கே வரியில் பதில் எழுது, ஒரு நகலை ஒழுங்குமுறை வாரியத்துக்கு அனுப்புவதாகக் கடைசி வரியில் போடு என்றேன். அப்படியே எழுதினாள். அந்த மெமோவைப் பற்றி அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அவளும் அங்கே அதிக நாள் இருக்கவில்லை. இன்று வேறு ஊரில் இருக்கிறாள்.

கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பிரெஞ்சு அரசாங்கக் கணக்கு முறையில் ஒரு பழைய விதி உண்டு. செலவு செய் என்று உத்தரவு போடுகிறவர் "ஓர்தொனத்தேர்". பணத்தை எடுத்துக் கொடுக்கிறவர் "கோந்தாப்ல்". இருவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. கோந்தாப்ல் உத்தரவு போட்டவரின் கைக்குக் கீழே வேலை செய்கிறவரும் அல்ல. பில் சரியில்லை என்றால் உத்தரவு யாருடையதாக இருந்தாலும் அவர் பணம் கொடுக்கமாட்டார். நம் கருவூலத்திலும் சாரம் இதுதான். இலாகா தலைவர் கையெழுத்துப் போட்ட பில்லையே ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காகக் கருவூல அதிகாரிக்கு இலாகா தலைவர் மெமோ கொடுக்க முடியாது.

பணத்துக்கே இத்தனை கட்டுக்காவல் வைத்திருக்கிறோம். தவறாகப் போன பணத்தையாவது திரும்ப வசூலிக்கலாம். உடம்புக்குள் போன கதிர்வீச்சை எப்படி வசூலிப்பது?

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. 2004-ஆம் வருடத்துக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. பாதுகாப்பு அதிகாரியின் கடமைகள் அதில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அவரை நியமிப்பது ஆஸ்பத்திரி. சம்பளம் கொடுப்பதும் ஆஸ்பத்திரி. தன் சம்பளத்தில் கை வைக்கக்கூடியவரிடம் போய் "இது கூடாது" என்று சொல்வது எல்லோராலும் ஆகிற காரியமா?

கதிர்வீச்சு விஷயத்தில் கேட்கவேண்டிய ஆளைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2010-ல் டில்லி மாயாபுரியில் நடந்ததே போதும். டில்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 வாக்கிலிருந்து உபயோகமில்லாமல் கிடந்த கோபால்ட் கருவி ஒன்றைப் பழைய சாமான்களோடு ஏலம் விட்டுவிட்டார்கள். காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒரு தொழிலாளி இறந்தே போனார். பழைய சாமான் கண்டம் செய்யும் கோப்பு எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். இருப்புப் பதிவேட்டில் இருக்கிறதா, எத்தனை வருடம் ஆயிற்று, என்ன மதிப்பு என்று பார்ப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் கோப்பு நகராது என்ற நிலை இருந்திருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார்.

பிசிசிஸ்டுக்கு அதிகாரம் கொடுத்தால் டாக்டரின் மதிப்புக் குறையும், சிகிச்சை தாமதமாகும் என்பார்கள். டாக்டர் எழுதிய சீட்டை அவர் திருத்தப்போவதில்லை. அந்தச் சீட்டுப்படிதான் நடக்கிறதா என்று பார்க்கிறார், அவ்வளவுதான். தாமதம் என்பது நியாயமான கவலை. புற்றுநோய்க்காரருக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். ஆனால் அரை நாள் தாமதத்தைப் பின்னால் ஈடுகட்ட வழி இருக்கிறது. கூடுதலாகப் போன அளவுக்கு வழி இல்லை. எப்பினாலுக்குப் பிறகு பிரான்சில் கணக்கை இரண்டாவது முறை தனியாகப் போட்டுப் பார்ப்பதையும் நோயாளி மேல் நேரடியாக அளப்பதையும் கட்டாயமாக்கினார்கள். 24 பேர் வெந்த பிறகு.

என் யோசனை மூன்று. முதலாவது, பாதுகாப்பு அதிகாரி மெஷினை நிறுத்தினால் காரணம் தீரும்வரை நிர்வாகம் அதைத் திறக்கச் சொல்லக்கூடாது, நிறுத்தியதற்காக மெமோவும் கூடாது. இரண்டாவது, அவரை வேலையிலிருந்து எடுப்பதாக இருந்தால் காரணம் எழுத்தில் ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போய், வாரியம் பார்த்த பிறகே எடுக்கவேண்டும். மூன்றாவது, டாக்டர்கள் பெயர்ப் பலகையில் அவர் பெயரும் இருக்கவேண்டும்.

முதல் இரண்டும் அரசாங்கம் செய்யவேண்டியவை. மூன்றாவதை நாமே ஆரம்பித்து வைக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது கரண்ட் வைக்கவேண்டி வந்தால், எல்லா விசாரணைக்கும் நடுவே "இங்கே பிசிசிஸ்ட் யார்? கணக்கை இரண்டு முறை பார்ப்பீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒருவரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். உள்ளே ஒரு அறையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்கு, தன்னைத் தேடி ஒருவர் கேட்டார் என்பது நல்ல செய்தியாகத்தான் இருக்கும்.