எல்லோருக்கும் வருவதுதானா?

கர்ப்பிணிக்கு அறிவுரை சொல்வதற்கு நம்மவர் மத்தியில் எந்தத் தகுதியும் தேவைப்படுவதில்லை. ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது என்றால் முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்கு ஓடுகின்ற அதே அயலவர்கள், ஒரு பெண் குடித்த தண்ணீரும் தங்காமல் நாட்கணக்கில் சுருண்டு கிடந்தால், “எல்லோருக்கும் வருவதுதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஒற்றை வாக்கியத்தோடுதான் இன்று எனக்கு வழக்கு.

காத்தான்குடியை அறியாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட, வீட்டோடு வீடு ஒட்டிய ஊர் எங்களுடையது. பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது வழமை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். ஆகவே, கருவுற்ற பெண்ணைச் சுற்றி உம்மா, சாச்சி, ராத்தா, மூத்தம்மா என்று எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். புலம்பெயர்ந்த நாட்டில் அடுக்குமாடி வீடொன்றில் தனியே கிடந்து வாந்தியெடுக்கும் பெண்ணுக்குக் கிடைக்காத பாக்கியம் இது. ஆனால் அதே வளவுக்குள்தான் நாளொன்றுக்குப் பத்து அறிவுரைகளும் வந்து சேர்கின்றன. இஞ்சிப் பிளேன்டீ குடி. எலுமிச்சையை மணந்து பார். படுத்தே கிடக்காதே, எழுந்து வேலை செய். சத்தி கூடினால் பிள்ளை சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் உன் மனதில்தான் இருக்கிறது.

கடந்த ஆண்டு என் தங்கையின் மகள் இவை அத்தனையையும் கேட்டாள். ஐம்பத்திரண்டு கிலோ எடையுடன் இருந்தவள் ஐந்து வாரங்களில் நாற்பத்தாறுக்கு இறங்கினாள். சோறு வேகும் வாடைக்கே ஓங்காளித்தாள். தனியார் வைத்தியர் ஒருவர் நிமிர்ந்தும் பாராமல், “மூன்று மாதம் பொறுத்தால் சரியாகிவிடும்” என்றார். அவளைக் காப்பாற்றியவர் வீடு தேடி வந்த குடும்பநல உத்தியோகத்தர். கண்ணையும் நாக்கையும் பார்த்தார். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாய் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் உடனே வைத்தியசாலைக்கு அனுப்பினார். ஒரு மாத அறிவுரைகளில் ஒன்றுகூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மசக்கை வேறு, இந்நோய் வேறு. கருவுற்றவர்களில் பெரும்பாலானோருக்குக் குமட்டலோ வாந்தியோ வருவது உண்மை. ஆனால் நூற்றுக்கு ஒருவர், இருவர், சில கணக்குகளின்படி மூவர் வரை, முற்றிலும் வேறொரு நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். உடல் எடையில் ஐந்து வீதத்துக்கு மேல் குறைகிறது; உடல் வறள்கிறது; சிறுநீரில் கீற்றோன் தோன்றுகிறது. மருத்துவம் இதற்கு ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம் என்று பெயரிட்டிருக்கிறது. தூறலும் வெள்ளமும் இரண்டும் தண்ணீர்தான் என்று வாதிடுபவரை மட்டக்களப்பில் எவரும் மதிக்கமாட்டார்கள். இங்கே மட்டும் ஏன் அந்த வாதம் எடுபடுகிறது?

“மனதில்தான் இருக்கிறது” என்பது கிராமத்து அறியாமை என்று நினைத்துவிட வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் உளப்பகுப்பாய்வாளர்கள் சிலர், கருவை உள்ளூர வெறுக்கும் பெண்ணே இவ்வாறு வாந்தியெடுக்கிறாள் என்று எழுதிவைத்தார்கள். அந்த அவதூறுக்கு விடை 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளிவந்தது. கருவும் சூல்வித்தகமும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்னும் ஹோர்மோன் தாயின் மூளைத்தண்டைத் தாக்குவதே இந்த வாந்திக்கு முக்கிய காரணம். கருவுறுமுன் எந்தப் பெண்ணின் உடலில் அது குறைவாக இருந்ததோ, அவளுடைய உடல் அதனைத் தாங்கமாட்டாமல் தத்தளிக்கிறது. தலசீமியா நோயால் அந்த ஹோர்மோன் எப்போதும் மிகுந்திருக்கும் பெண்களுக்குக் கர்ப்பகால வாந்தி மிக அரிதாகவே வருகிறது. அந்த ஆய்வில் இலங்கை ஆய்வாளர்களும் பங்கேற்றார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆய்வை வழிநடத்தியோரில் ஒருவரான மார்லீனா ஃபெய்ஸோ 1999இல் இதே நோயினால் தன் கருவை இழந்தவர். அவருடைய வேதனையையும் அன்றைய வைத்தியர் பொருட்படுத்தவில்லை.

அடுத்தது, “மாத்திரை போட்டால் பிள்ளை ஊனமாகும்” என்ற அச்சம். இதற்கு வரலாறு உண்டு. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடமைட், கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டு, பல்லாயிரம் குழந்தைகளை ஊனமாக்கிய பின் 1961இல் மீளப்பெறப்பட்டது. அந்த வடுவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நஞ்சின் பெயரால் எல்லா மருந்துகளையும் தள்ளிவைப்பது எந்த நீதி? விற்றமின் பி6உம் டொக்சிலமினும் சேர்ந்த மாத்திரை, வழக்குகளின் தொல்லையால் 1983இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. தீங்கு நிரூபிக்கப்படவில்லை. 2013இல் அந்நாட்டு அரசே கர்ப்பகாலக் குமட்டலுக்கென அதனை மீண்டும் அங்கீகரித்தது. எதைக் கொடுப்பது என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். பக்கத்து வீடு தீர்மானிக்க வேண்டாம்.

“அந்தக் காலத்தில் நாங்கள் பெறவில்லையா?” என்று கேட்கும் மூத்தோருக்கு என் மரியாதையான பதில்: பெற்றவர்கள்தாம் இருந்து பேசுகிறார்கள். ஆங்கில நாவலாசிரியை சார்லட் புரொன்டே 1855 மார்ச்சில், கருவுற்ற நிலையில், ஓயாத வாந்தியால் நலிந்து, தமது 38ஆவது வயதில் இறந்தார். காசநோய் என்று சான்றிதழில் எழுதினார்கள். இந்நோயே காரணம் என்பது பின்னாளில் பலருடைய கருத்து. சேலைன் இல்லாத காலம் அது. இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், கட்டணமின்றி, திறந்திருக்கிறது. அந்தச் சிறு தூரத்தை மாதக்கணக்காக நீட்டுவது நம் அறிவுரைகளே.

நோன்பு காலத்தில் இன்னொரு பாரமும் சேர்கிறது. தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வருமென்று அஞ்சும் கர்ப்பிணி நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. இறைவன் தந்த சலுகையை மாமியின் முகச்சுளிப்பு பறிக்கலாகாது.

ஆகவே, அறிவுரை சொல்லியே தீருவேன் என்போர் இதைச் சொல்லட்டும்: இருபத்திநான்கு மணிநேரமாக உணவோ நீரோ தங்கவில்லையா, எட்டு மணிநேரமாகச் சிறுநீர் போகவில்லையா, போவது கடும் நிறமாக இருக்கிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, எடை இறங்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியசாலைக்கு எழும்பு. அங்கே வாந்தியை அடக்கும் மருந்தும், சேலைனும், தயமின் என்னும் விற்றமின் பி1உம் கொடுப்பார்கள். நெடுநாள் வாந்தியெடுத்தவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். ஆகவே தெருமுனையில் ஒரு போத்தல் ஏற்றி அனுப்பும் வைத்தியத்தை நம்பாதீர்கள்.

பத்திரிகைகளின் மகளிர் பக்க ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இஞ்சியையும் பிஸ்கட்டையும் ஆண்டுதோறும் அச்சிடும் அந்தப் பத்தியின் அடியில் மேற்சொன்ன அறிகுறிகளையும் நான்கு வரியில் சேருங்கள். கணவன்மாரே, நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது: வாளியைக் கழுவுங்கள், சமையலை வேறு வீட்டுக்கு மாற்றுங்கள், அறிவுரையோடு வருபவரை வாசலிலேயே மறித்து நன்றி சொல்லி அனுப்புங்கள். அவள் “முடியவில்லை” என்று சொன்னால், முடியவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.