ஒரே இருதயம், இரண்டு சீட்டுகள்

சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வாழை போட்டிருக்கும் ஒருவரைப் பல வருஷங்களாக அறிவேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியின் ஏ.ஆர்.டி. மையத்தில் எச்.ஐ.வி. தொற்றுக்கான மாத்திரைகளை வாங்கிக்கொண்டு திரும்புவார். வாங்கிய டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பஸ் ஸ்டாண்டில் ஓர் ஓரமாக நின்று, மேலே ஒட்டிய காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, மாத்திரை குலுங்கிச் சப்தம் கேட்காதபடி உள்ளே பஞ்சடைத்து, துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்துக்கொள்வார். பதினைந்து வருஷங்களுக்கு மேலாக ஒரு நாளும் மாத்திரை தவறியதில்லை.

இத்தனை நியமமாக வாழ்ந்த மனிதருக்குச் சென்ற வருஷம் தார் வெட்டும்போது நெஞ்சடைப்பு வந்து, ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். “அண்ணாச்சி, வேற மாத்திர எதுவும் சாப்புடுதியளா?” என்று நர்ஸம்மா கேட்டபோது, பக்கத்தில் நின்ற மைத்துனரின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லம்மா” என்றார். பிழைத்துக்கொண்டார் என்பது தெய்வாதீனம்.

1986ஆம் வருஷம் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இத்தொற்றைக் கண்டறிந்த நாளில், இதை உடையவர்கள் முதுமை காண்பார்கள் என்று எவரும் நினைக்கவில்லை. 2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, தாம்பரம் உள்ளிட்ட சில அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கலாயிற்று. அன்று இளைஞராக வரிசையில் நின்றவர்களுக்கு இன்று தலை நரைத்திருக்கிறது. காப்பாற்றிய உயிரை அடுத்தபடியாகத் தாக்கக் காத்திருப்பது மாரடைப்பு என்பதை நம் சிகிச்சை முறை இன்னும் போதுமான அளவு மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்ட பின்பும், தேகத்தின் தற்காப்புச் சக்தி முழு ஓய்வு கொள்வதில்லை. தொற்றின் ஆரம்ப நாட்களிலேயே குடலின் உட்சுவர் பழுதுபட்டு, அங்கிருக்கும் பாக்டீரியாக்களின் அம்சங்கள் ரத்தத்தில் கசிவதால், நீறு பூத்த நெருப்புப்போல ஓர் அழற்சி வருஷக்கணக்கில் நீடிக்கிறது. அதனால் ரத்தக் குழாயின் உட்பூச்சு நைந்து, கொழுப்பு படிந்து, அடைப்புக்கு வழி ஏற்படுகிறது. மற்றவர்களைவிட இவர்களுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அதற்காக மாத்திரையே வினை என்று எண்ணி நிறுத்திவிடுவது பெரும் பிழை. இடையிடையே மருந்தை நிறுத்திப் பார்த்த ‘ஸ்மார்ட்’ என்ற ஆய்வில், நிறுத்தியவர்களிடையே மரணமும் இருதயக் கோளாறும் அதிகரித்ததை 2006லேயே உலகம் கண்டது.

பரிகாரம் இல்லாத விஷயமும் அல்ல இது. இந்தியா உட்பட 12 நாடுகளில் இத்தொற்றுள்ள 7,769 பேரிடம் நடந்த ‘ரிப்ரீவ்’ ஆய்வு, பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரையைத் தினம் ஒன்று உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரும் ஆபத்துகள் 35 சதவீதம் குறைந்தன என்று 2023இல் அறிவித்தது. அவர்கள் இருதய நோயாளிகள் அல்லர். சாதாரணக் கணக்கின்படி ஸ்டாடின் தேவையில்லை என்று அனுப்பிவிடக்கூடியவர்களே பெரும்பாலோர்.

நம் பொருநைக் கரையின் நிலைமையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துச் சுற்றுகிற பீடி, இருதயத்துக்குக் கிருமியைவிடக் கொடிய சத்துரு. கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் இல்லாத பழைய சோறு நமக்கு இறங்குவதில்லை. உப்பு ஏறினால் ரத்த அழுத்தமும் ஏறும். ஆகவே கிருமியின் அளவைச் சோதிப்பதோடு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அதே மையத்தில், மாத்திரை வாங்க வரும் அதே நாளில் பார்த்து, தேவையான மருந்தை அதே ஜன்னலில் கொடுத்தனுப்ப வேண்டும் என்கிறேன். பரிசோதிக்க வேண்டும் என்று விதிமுறைகள் சொல்லவே செய்கின்றன. ஆனால் பரிசோதனைக்குப் பின் இன்னொரு கட்டடம், இன்னொரு வரிசை, இன்னொரு சீட்டு என்றால், பகல் கூலியை இழந்து வந்தவர் மதிய பஸ்ஸைத்தான் பிடிப்பார்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வாசலிலேயே கொண்டுவந்து தருகிறது, மனமுவந்து பாராட்டுகிறேன். எனினும் அதைத் தரும் பெண்ணுக்கு, இவர் பையின் அடியிலுள்ள டப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. இப்போது பரவலாகத் தரப்படும் கூட்டு மாத்திரையிலுள்ள டோலுடெக்ராவிர், சர்க்கரைக்கான மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும். எச்.ஐ.வி.க்கான இரண்டாம் வரிசை மருந்துகளோடு சேரும் ரிட்டோனாவிரும், கொழுப்புக் குறைப்பு மாத்திரையான சிம்வாஸ்டாடினும் சந்தித்தால் தசையே சிதையக்கூடும். இரண்டையும் ஒருவரே எழுதினாலன்றி இதைக் கவனிப்பது யார்? நோயாளியின் சம்மதமின்றி அவர் நிலையை வெளியிடலாகாது என்று 2017ஆம் வருஷத்துச் சட்டம் விதித்திருப்பது மிகவும் நியாயம். அந்த ரகசியம் ஏற்கெனவே பத்திரமாக இருக்கிற இடத்திலேயே இருதயத்துக்கும் வைத்தியம் பார்த்துவிட்டால், புதிதாக எவரிடமும் வாய் திறக்க வேண்டிய நிர்ப்பந்தமே அவருக்கு வராது.

போன மாதம் தோப்பில் அவரைக் கண்டேன். கன்றுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். இருதய மாத்திரையை ஒரு டப்பாவிலும் மற்றதை இன்னொரு டப்பாவிலும் வைத்திருப்பதாகவும், முன்னதை மட்டும் அலமாரியில் எல்லோரும் பார்க்க வைத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, “ஹைகிரவுண்டுல அந்த ஒரே சீட்டுலயே இதையும் எழுதித் தருவாகளாய்யா?” என்று கேட்டார்.